ஐந்தாவது மணி நேரம்

யானையைத் தொட்ட மறு விநாடியே இங்வாருக்குத் தெரிந்துவிட்டது, தொட்டிருக்கக் கூடாது என்று. ஆனால் சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்தித்தான் ஆக வேண்டும். நாலரை மணி நேரம் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய ஆட்டம் அது. ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தான். எதிரே உட்கார்ந்திருந்த மார்ட்டெய்ன், ரெய்க்யாவிக்கைச் சேர்ந்த அறுபத்திரண்டு வயதுக்காரர், தோல்வியை ஒப்புக்கொள்ளலாமா என்று யோசிக்கும் முகத்தோடு தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இங்வாரின் தலைக்குள் பஞ்சை அடைத்தது போல ஆகிவிட்டது. கை தானாக நீண்டது. யானையை ஒரு கட்டம் நகர்த்தினான். மார்ட்டெய்ன் அதைத் தன் மந்திரியால் எடுத்துப் பலகைக்கு வெளியே, சத்தம் வராமல் வைத்தார்.

அந்த ஒரு தோல்வியால், வடக்கே உள்ள இங்வாரின் ஊரான ஆகுரேரியின் அணி தேசிய லீக்கில் மேல் பிரிவுக்குப் போவது அரைப் புள்ளியில் தவறியது.

ஊருக்குத் திரும்பும் வழியில் யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அணித்தலைவர் கெஸ்டூர் மட்டும், அவர் பல் மருத்துவர், இரண்டு மணி நேரம் கார் ஓட்டிய பிறகு வாயைத் திறந்தார்.

"நான் கணக்குப் பாத்துட்டேன் இங்வார். இது நாலாவது ஆட்டம். நாலுலயும் நீ ஜெயிக்கிற நிலைமைல இருந்த. நாலுலயும் அஞ்சாவது மணி நேரத்துலதான் கோட்டை விட்ட."

"எனக்கும் எண்ணத் தெரியும் கெஸ்டூர்."

"அப்ப என்ன பண்ணப் போற? ரெண்டு பாட்டில் கோலா, ஒரு பை சாக்லேட், ஒரு பை அதிமதுர மிட்டாய். இதெல்லாம் நீ ஆட்டத்துக்கு நடுவுல சாப்பிட்டது. உன் பல்லப் பாக்கப் போறவனும் நான்தான், ஞாபகம் வெச்சுக்கோ."

இங்வாருக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. நகரப் பேருந்து ஓட்டுபவன். பகல் முழுக்க உட்கார்ந்து வண்டி ஓட்டுவான். மாலையில் உட்கார்ந்து சாப்பிடுவான். இரவு பத்து மணிக்கு மேல் சமையலறை மேசையில் பலகையை விரித்து, ஒரு மணி வரை பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பான். மணமுறிவு ஆகி ஆறு வருடங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் அவனைக் கேள்வி கேட்க வீட்டில் ஆள் இல்லை. உடம்பு நூற்றெட்டுக் கிலோ.

மறுநாளே அக்கா எய்டிஸிடம் போனான். எய்டிஸ் ஊர் நீச்சல் குழுவின் பயிற்சியாளர். அவனைவிட இரண்டு வயது பெரியவள். குரல் மட்டும் இருபது வயது பெரியது. இருபத்தைந்து மீட்டர் குளத்தின் அந்தப் பக்கம் நீந்துகிறவன் காதிலும் விழ வேண்டிய தொழில்.

"பத்து வருஷமா சொல்றேன், இப்பத்தான் காது கேட்டுதா?" என்றாள். "சரி, ஒண்ணு சொல்லு. அஞ்சு மணி நேரம் ஆடும்போது உனக்கு நெஞ்சு எப்படி அடிக்கும்?"

"கடைசில படபடன்னு அடிக்கும்."

"அடிக்கும்ல? உக்காந்த இடத்துலயே ஓடுற ஓட்டம்டா அது. அதுக்கு நீ சக்கரையா ஊத்துற. ஒரு மணி நேரம் ராஜா மாதிரி இருப்ப, அப்புறம் தொபுக்கடீர். நீ விழுற இடத்துக்கு வந்து எதிராளி உன் யானைய எடுத்துட்டுப் போறான். இதுல அவனுக்குத் தெறம வேற வேணுமா?"

அவள் எழுதிக் கொடுத்த தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது. காலை ஐந்தே முக்காலுக்குக் குளம். முதலில் நானூறு மீட்டர், போகப் போக ஆயிரத்து இருநூறு. அது முடியும் வரை சுடுதண்ணீர்த் தொட்டிப் பக்கம் தலைவைக்கக் கூடாது. ஓட்ஸ் கஞ்சி, ஸ்கீர் தயிர், மீன், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். கோலா கிடையாது, மிட்டாய் கிடையாது. ஆட்டத்தின்போது தண்ணீர், பாதாம், ஒரு வாழைப்பழம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்: இரவு பத்தரைக்கு விளக்கு அணைந்திருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது இங்வார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம், கேட்கப் போனவன் எதிர்த்துப் பேசக் கூடாது என்று விட்டுவிட்டான்.

முதல் மாதம் நரகம். ஏப்ரலிலும் பனி விடவில்லை. இருட்டோடு எழுந்து, உறைந்த படிக்கட்டில் கைப்பிடியை இறுகப் பற்றி இறங்கிப் போய், மூச்சு வாங்க வாங்கத் தண்ணீரை அடித்தான். பக்கத்துத் தொட்டியில் ஆவி பறக்கும் தண்ணீரில் கழுத்து வரை அமிழ்ந்தபடி நகர மன்றத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அவனைப் பார்த்துக் கை காட்டுவார்கள். இந்த ஊரில் அரசியல் முழுவதும் அந்தத் தொட்டியில்தான் நடக்கிறது; அவனுக்கு மட்டும் அனுமதி இல்லை. பணிமனையில் வேறு தொல்லை. வெள்ளிக்கிழமைதோறும் யாராவது கிளெய்னா என்ற இனிப்புப் பலகாரத்தைச் சூடாகப் பொரித்து எடுத்து வருவார்கள். பெட்டியை வேண்டுமென்றே அவன் மூக்குக்கு நேராக நீட்டுவார்கள்.

"எடுத்துக்க இங்வார். ஓ, நீ ஒலிம்பிக்குக்குப் போறவன்ல, மறந்துட்டேன்."

"செஸ் ஆடுறதுக்கு எதுக்குய்யா நீச்சல்? பலகைய என்ன தண்ணிக்கு அடியிலயா வெச்சிருக்காங்க?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பாதாமை எண்ணிப் போட்டுக்கொள்வான். எட்டு பாதாம். அதற்கு மேல் கூடாது.

ஆனால் விடவில்லை. அவனிடம் இருந்த ஒரே நல்ல குணம் அந்தப் பிடிவாதம்தான். கோடை முடிவதற்குள் ஒன்பது கிலோ குறைந்தது. செப்டம்பரில் ஆயிரத்து இருநூறு மீட்டரை நிற்காமல் நீந்தினான். இடுப்பு வலி போயிற்று. பேருந்தை விட்டு இறங்கும்போது முனகுவது நின்றது. எய்டிஸ் தன் குழுவினரிடம் அவனைக் காட்டி, "நாப்பத்தஞ்சு வயசாகப் போகுது, பாருங்கடா" என்று சொல்லும் அளவுக்கு ஆயிற்று.

அக்டோபரில் லீக் தொடங்கியது. இங்வார் முதல் ஆட்டத்தில் தோற்றான். இரண்டாவதில் தோற்றான். மூன்றாவதை எப்படியோ டிரா செய்தான். நவம்பரில் நடந்த ஊர்ப் போட்டியில் ஐந்து ஆட்டம் ஆடி ஒன்றரைப் புள்ளி எடுத்தான். ஒன்றில்கூடக் களைப்பு வரவில்லை. களைப்பு வருவதற்குள்ளேயே தோற்றுக்கொண்டிருந்தான். இரண்டாவது மணி நேரத்தில், மூன்றாவது மணி நேரத்தில். எதிராளிகள் தொடக்கத்திலேயே ஏதோ புது வழியைப் போட, அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

ஊர்ப் போட்டி முடிந்த அன்று நேராகக் குளத்துக்குப் போனான். எய்டிஸ் கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு கரையில் நின்றிருந்தாள்.

"உன் ஓட்ஸும் நீயும்! எட்டு மாசம்! எட்டு மாசமா நாய் மாதிரி நீந்தறேன், மாடு மாதிரி கஞ்சி குடிக்கறேன். போன வருஷம் குண்டா இருந்து ஜெயிச்சுகிட்டு இருந்தேன். இப்ப ஒல்லியா இருந்து தோக்கறேன்."

"போன வருஷமும் தோத்ததாலதான இங்க வந்த?"

"போன வருஷம் ஜெயிக்கற ஆட்டத்துல தோத்தேன். இந்த வருஷம் தோக்கற ஆட்டத்துல தோக்கறேன். வித்தியாசம் புரியுதா உனக்கு?"

"கத்தாத, எதிரொலிக்குது. உடம்புல குறை இருந்தா சொல்லு, சரி பண்றேன். செஸ்ஸு எனக்குத் தெரியாது. அது உன் வேலை."

"என் வேலைய எப்பப் பாக்கறதாம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தான். ஆனால் மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் குளத்தில்தான் இருந்தான். அவள் தாளில் நேரத்தை மட்டும் குறித்தாள்.

மார்ச்சில் லீக்கின் கடைசிச் சுற்றுகள் ரெய்க்யாவிக்கில். கெஸ்டூர் அவனை, பலமானவர்கள் ஆடும் இரண்டாம் பலகையிலிருந்து ஐந்தாம் பலகைக்கு இறக்கினார். நேரில் சொல்லவில்லை, செய்தி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி, ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம், கடைசி ஆட்டம். ஆறு பலகையில் மூன்றரைப் புள்ளி எடுத்தால் ஆகுரேரி மேல் பிரிவுக்குப் போகும். ஐந்தாம் பலகையில் எதிர்த்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் மார்ட்டெய்ன். வயதாகி ஆட்டம் தளர்ந்ததால் அவரையும் அவர் அணியில் கீழே இறக்கியிருந்தார்கள். அவர் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினார். மூன்று கட்டிச் சர்க்கரை போட்டார். ஒரு டப்பாவில் சர்க்கரை தூவிச் சுருட்டிய பான்கேக் ஐந்தாறு. அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இங்வாரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னப்பா, பாதி ஆள்தான் வந்திருக்க? மீதிய ஊர்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

"நீச்சல் அடிக்கறேன்."

"நல்லது, நல்லது" என்றார் உண்மையான அக்கறையோடு. "எனக்கும் டாக்டர் சொல்றாரு. நான்தான் கேக்கறதில்ல."

இரண்டு மணி வாக்கில் மற்ற பலகைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. இரண்டு வெற்றி, இரண்டு டிரா, ஒரு தோல்வி. மூன்று புள்ளி. இன்னும் அரைப் புள்ளி போதும், அதுவும் இங்வார் கையில். பலகையில் இருவருக்கும் சமநிலை. முப்பத்தெட்டாவது நகர்த்தலில் மார்ட்டெய்ன் தலையை நிமிர்த்தி, "டிரா?" என்றார்.

அணி ஆட்டத்தில் அந்த ஒரு விஷயத்தை மட்டும் தலைவரிடம் கேட்கலாம். இங்வார் எழுந்து சுவரோரம் நின்ற கெஸ்டூரிடம் போனான்.

"டிரா கேக்கறார்."

"எடுத்துக்க" என்றார் கெஸ்டூர் உடனே. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எல்லாரும் ஏற்கெனவே குளிர்கோட்டு மாட்டியிருந்தார்கள். வடக்கே பனிப்புயல் கிளம்புகிறது, மாலை ஆறு மணிக்கு ஊருக்குப் போகும் மேட்டுச் சாலையை மூடிவிடுவார்கள் என்று வானொலி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது.

இங்வார் திரும்பிப் பலகையைப் பார்த்தான். மணி இரண்டரை. மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. தலை காலைக் குளத்துத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. இந்தத் தெளிவுக்காக அவன் ஒரு வருடம் கொடுத்திருக்கிறான். சீக்கிரம் எழுந்த முந்நூறு காலைகள். தின்னாமல் விட்ட அத்தனை கிளெய்னா. ஐந்தாவது மணி நேரம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது பார்க்காமல் எழுந்து போவதா?

"மாட்டேன்" என்றான்.

"என்னது?"

"ஆடப் போறேன்."

கெஸ்டூரின் குரல் தணிந்தது. "இங்வார், தோத்தா என்ன ஆகும் தெரியும்ல? போன வருஷம் மாதிரி..."

"அந்தாளுக்குக் களைப்பு வரும். எனக்கு வராது."

"முடிவு உன்னுது" என்றார் கெஸ்டூர். சட்டப்படி அதற்கு மேல் அவர் எதுவும் சொல்ல முடியாது. சொல்ல விரும்பியதெல்லாம் முகத்தில் இருந்தது.

மணி மூன்று. மூன்றரை. இங்வார் எழுந்து நாலு எட்டு நடந்தான், தண்ணீர் குடித்தான், எட்டு பாதாமை மென்றான். ஐந்தாவது மணி நேரம் வந்தது, பஞ்சு வரவில்லை. பலகையின் அறுபத்துநான்கு கட்டமும் கழுவி வைத்தது போலத் தெரிந்தன. மார்ட்டெய்னின் காது மடல்கள் சிவந்திருந்தன. பான்கேக் டப்பா காலியாகி, அவர் காபியைச் சும்மா கையில் பிடித்தபடி இருந்தார். ஐம்பத்தொன்பதாவது நகர்த்தலில் அவர் ஒரு சிப்பாயைத் தவறவிட்டார். இங்வார் எடுத்தான். நெஞ்சு நிதானமாகத்தான் அடித்தது. வேலை செய்கிறது, எய்டிஸ், வேலை செய்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

எஞ்சியது ஆளுக்கு ஒரு யானை, ஆளுக்கு ஒரு ராஜா, அவனுக்கு மட்டும் ஒரு சிப்பாய். எழுபத்தோராவது நகர்த்தலில் அவன் முன்னால் இரண்டு வழி இருந்தது. சிப்பாயை முன்னே தள்ளலாம். அல்லது யானையை நடுவில் நிறுத்தலாம். இரண்டில் ஒன்று சரி என்று அவனுக்குத் தெரியும். எது என்பது ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. சமையலறை மேசையில் எத்தனையோ இரவு இதே நிலையை வைத்துப் பார்த்திருக்கிறான். இப்போது நினைவில் அந்தப் பக்கம் எழுதாத தாளாக இருந்தது. பதினோரு நிமிடம் கணக்குப் போட்டான். தெளிந்த தலையோடு, களைப்பில்லாத உடம்போடு கணக்குப் போட்டு, சிப்பாயைத் தள்ளினான்.

மார்ட்டெய்ன் பெருமூச்சு விட்டார். பிறகு நகர்த்தல்கள் வேகமாக வந்தன. ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். யானையைப் பின்னால் கொண்டுபோனார். இங்வார் எங்கே போனாலும் முன்கூட்டியே அங்கே இருந்தார். எண்பது, தொண்ணூறு, நூறு. ஐந்து மணிக்குச் சற்று முன்பு, நூற்றுப் பன்னிரண்டாவது நகர்த்தலில், இங்வார் தானே கையை நீட்டினான். டிரா. இரண்டரை மணிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த அதே அரைப் புள்ளி.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் மார்ட்டெய்ன், காய்களை மறுபடி அடுக்கியபடி. "நான் சும்மா கண்ண மூடிட்டுத்தான் ஆடினேன். அவ்வளவு களைப்பு. ஆனா இந்த முடிவாட்டம் கைக்குத் தானா தெரியும். எழுபத்தோராவதுல யானைய இங்க நிறுத்தியிருந்தின்னா..." யானையை நடுவில் வைத்தார். "என் ராஜா வர்ற வழிய அடைச்சிருப்ப. நான் அப்பவே கையக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இது உனக்குத் தெரியுமே? போன வருஷம் நீ இதெல்லாம் மளமளன்னு ஆடினியே."

"தெரிஞ்சிருந்துது" என்றான் இங்வார்.

"ஆனா ஒண்ணு, அஞ்சு மணி நேரம் தாண்டியும் நீ கொட்டாவி விடல. எனக்கு அதுதான் பொறாமை." அவர் டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆகுரேரி மேல் பிரிவுக்குப் போய்விட்டது. அதைக் கொண்டாட ஒருவருக்கும் மனசில்லை. இரண்டு காரில் ஆறு பேரும் அவசரமாகக் கிளம்பினார்கள். வழியில் போர்கர்நெஸ் என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சாலை மூடல் பலகை மஞ்சள் விளக்கோடு நின்றது. ஐந்து ஐம்பதுக்கே மூடிவிட்டிருந்தார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, போர்கர்நெஸ்ஸில் ஒரு விடுதியில் மூன்று அறை எடுத்தார்கள். கெஸ்டூருக்குத் திங்கள் காலை எட்டு மணிக்கு நோயாளிகள் இருந்தார்கள். ஒவ்வொருவராக அழைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் இங்வாரை ஒரு முறை பார்த்தார்.

இங்வார் எழுந்து விடுதியின் வாசலுக்குப் போய் எய்டிஸை அழைத்தான்.

"ஜெயிச்சீங்களாமே!" என்றாள். "நீ ஆறு மணி நேரம் ஆடினியாமே! விழலல்ல? நெஞ்சு எப்படி இருந்துது? தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன். விழல. மூளை பளபளன்னு இருந்துது எய்டிஸ். பளபளன்னு இருந்து, உள்ள ஒண்ணுமே இல்ல. தொடச்சு வெச்ச காலிப் பாத்திரம். ஜெயிக்கற வழி தெரியல. முன்ன தெரியும். மறந்து போச்சு."

"ஏன் மறந்துது? படிக்கறதில்லையா?"

"எப்பப் படிக்கறது? பத்தரைக்கு வெளக்க அணைன்னு எழுதிக் குடுத்தியே."

"அதுக்கு?"

"நான் படிக்கறதே பத்து மணிக்கு மேலதான். பத்துலருந்து ஒண்ணு வரைக்கும். இருபது வருஷமா."

மறுமுனையிலிருந்து, குளக்கரையில் நின்று கத்தும் குரல் வந்தது.

"ஏன்டா தடியா, இத ஒரு வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"நான் கேக்கணுமா? நீச்சல் கத்துக்க வர்ற பசங்ககூட வயித்த வலிச்சா வயித்த வலிக்குதுன்னு சொல்றாங்க. நீ வாய மூடிக்கிட்டு ஒரு வருஷம் நீந்தியிருக்க. நான் என்ன சொன்னாலும் அப்படியே செஞ்சுடுவியா?"

"அப்படியே செஞ்சாத்தான் தோக்கும்போது உன்மேல கோவப்பட முடியும்" என்றான். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்குச் சாலை திறந்தது. ஊர் சேர்ந்த அன்று மாலை எய்டிஸ் வீட்டுக்கு வந்து, குளிர்பதனப் பெட்டியில் இருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறு ஒன்றை ஒட்டினாள். நாலு காலை மட்டும் நீச்சல். நீச்சலுக்கு முந்தைய இரவு பத்தரைக்குத் தூக்கம். மற்ற மூன்று இரவு பலகைக்கு, ஆனால் பன்னிரண்டு வரைக்கும்தான். "ஒண்ணு வரைக்கும்" என்றான் இங்வார். "பன்னெண்டே கால்" என்றாள். பணிமனையில் பேசி, அந்த இரவுகளுக்கு மறுநாள் மதிய வண்டி வாங்கிக்கொண்டான். பழைய முடிவாட்டங்களை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. தெரிந்ததை மறுபடி கற்பது புதிதாகக் கற்பதைவிட எரிச்சலான வேலை. இரண்டு கிலோ ஏறிற்று. எய்டிஸ் எடைக் கருவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

அக்டோபரில், மேல் பிரிவில் முதல் ஆட்டம். கெஸ்டூர் அவனை நாலாம் பலகையில் போட்டிருந்தார். எதிரே ஹெய்டுர் என்ற பெண், கணக்கு வாத்தியார். இங்வார் நன்றாகத் தூங்கியிருந்தான், நன்றாகச் சாப்பிட்டிருந்தான், நன்றாகப் படித்தும் இருந்தான். இருபத்தாறு நகர்த்தலில், இரண்டாவது மணி நேரம் முடிவதற்குள் அவள் அவனை நசுக்கிவிட்டாள்.

கெஸ்டூர் நடைவழியில் காத்திருந்தார்.

"இதுக்கு என்ன காரணம்? சாப்பாடா, தூக்கமா, படிப்பா?"

"ஒண்ணும் இல்ல. அவ நல்லா ஆடினா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்யா" என்று எரிந்து விழுந்தான் இங்வார். பிறகு கூடத்துக்குள் திரும்பிப் போய், ஹெய்டுர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவள் ஏற்கெனவே காய்களைத் தொடக்க நிலைக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டாவதுல குதிரைய அங்க வெச்சீங்களே" என்றான், "அது எங்க படிச்சீங்க?"